பன்னிரண்டு நாட்டுக்கோழிக்கு எந்த இன்குபேட்டர்?

வாசகர் ஒருவர் கேட்டது இதுதான்: கரூர்ப் பக்கம் ஓட்டு வீடு, சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையில் பன்னிரண்டு கோழிகள், இரண்டு சேவல்கள். அடைக்கு உட்காரும் கோழிகளை நம்பி ஆண்டுக்கு ஐம்பது அறுபது குஞ்சுகள்தான் தேறுகின்றன. முட்டை பொரிக்கும் இயந்திரமான இன்குபேட்டர் வாங்கலாம் என்றால், முப்பது முட்டை வைக்கும் தெர்மாகோல் பெட்டியா, தானாகத் திருப்பும் பிளாஸ்டிக் இயந்திரமா, நூற்றிருபது முட்டைக்கான அலமாரியா, எதை வாங்குவது? அடிக்கடி மின்சாரம் போகும் ஊர் என்றும் சொல்லியிருக்கிறார்.

முதலில் பதில். ஐம்பது முட்டை அளவில், உள்ளே காற்றாடி உள்ள, தானாகத் திருப்பும் ஒன்றை வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் பேட்டரிக்கு வழி செய்துவிடுங்கள். கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், மலிவான பெட்டியும் நல்ல பேட்டரியும் வாங்குவதே புத்திசாலித்தனம். விலை உயர்ந்த இயந்திரத்தை மின்சாரம் போகும் வீட்டில் வெறுமனே வைப்பது, மழை ஒழுகும் கூரையின் கீழே தேக்குக் கட்டில் போடுவது போன்றது. இனிக் காரணங்கள்.

இயந்திரம் வேண்டுமா என்ற கேள்வியையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல அடைக்கோழிக்கு இணையான இன்குபேட்டர் இல்லை. சூடு, ஈரம், திருப்புதல் மூன்றையும் அது தன் வயிற்றுத் தோலாலும் அலகாலும் பார்த்துக்கொள்கிறது. பஞ்சாரத்தில் அல்லது கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, ஒற்றைப்படையில் முட்டை வைத்து, இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் இரண்டு கரித்துண்டும் போட்டு அடை வைக்கும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. இரும்பு இடியைத் தடுக்கிறதோ இல்லையோ, பொரிப்பில் அந்தக் கோழியை மிஞ்ச நான் இன்றுவரை ஓர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. சிக்கல் வேறு. அடை அல்லது அவயம் உட்கார்ந்த கோழி இருபத்தொரு நாளும், பிறகு குஞ்சுகளை மேய்த்துக்கொண்டு இரண்டு மாதமும் முட்டை போடாது. ஒரு ஈட்டில், அதாவது முட்டையிடும் ஒரு சுற்றில், பத்துப் பன்னிரண்டு முட்டை, ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு என்று போய்விடும். முட்டையை எடுத்துவிட்டு, அடை தெளிய வைத்தால் அது சீக்கிரமே அடுத்த ஈட்டுக்கு வந்துவிடும். உண்மையில் இன்குபேட்டர் மிச்சப்படுத்துவது கோழியின் காலத்தைத்தான். ஆண்டுக்கு ஐம்பது குஞ்சு போதும் என்றால் இந்தச் செலவே வேண்டாம். இருநூறு வேண்டும் என்றால் வாங்கலாம்.

அளவுக்கு வருவோம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். உங்களிடம் ஒரு வாரத்தில் எத்தனை முட்டை சேரும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். பொரிக்க வைக்கும் முட்டையை ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைத்தால் பொரிப்புக் குறையத் தொடங்கும். சேமிக்க ஏற்ற வெப்பம் 15 முதல் 18 டிகிரி. கரூர்க் கோடையில் அது கனவுதான். அங்கே நான்கு நாளைத் தாண்ட விடாதீர்கள். பன்னிரண்டு கோழிகளில் ஒரே சமயத்தில் ஆறு ஏழு முட்டை போட்டுக்கொண்டிருக்கும், அவையும் தினமும் போடுவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு என்று வைத்தால் வாரத்துக்கு இருபத்தெட்டு. நூற்றிருபது முட்டை அலமாரியை நிரப்ப உங்களுக்கு ஒரு மாதம் ஆகும். அதற்குள் முதல் வார முட்டை கூமுட்டையாகிவிடும். அப்படியென்றால் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கலாமே என்று தோன்றும். செய்கிறார்கள், ஆனால் கடைசி மூன்று நாள் முட்டைக்கு வேண்டிய ஈரப்பதம் வேறு, முதல் வார முட்டைக்கு வேண்டியது வேறு. பொரிக்கும்போது பறக்கும் பஞ்சும் ஓட்டுத் தூளும் ஈரமும் மற்ற முட்டைகளின் மேல் படிந்து கிருமிக்குப் பாயாகும். அப்படிச் செய்ய விரும்பினால் பொரிப்புக்கென்று தனியாக ஒரு சிறு பெட்டி வேண்டும். ஐம்பது முட்டை இயந்திரம் ஒன்றும், பின்னாளில் நீங்களே செய்துகொள்ளும் தெர்மாகோல் பொரிப்புப் பெட்டி ஒன்றும் சேர்ந்தால் உங்கள் அளவுக்குப் போதும். நம் நாட்டுக்கோழி முட்டை ஏறக்குறைய நாற்பது கிராம்தான் இருக்கும் என்பதால், ஐம்பது என்று எழுதிய தட்டில் நெருக்கமில்லாமல் அடங்கும். வாத்து முட்டை என்றால் அதே தட்டில் எண்ணிக்கை குறையும்.

இப்போது சூடு. இதில்தான் இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன, மற்றதெல்லாம் அலங்காரம். காற்றாடி உள்ள இயந்திரத்தில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ். காற்றாடி இல்லாத பெட்டியில் சூடு அடுக்கடுக்காக நிற்கும். மேலே அதிகம், கீழே குறைவு. அதனால் அங்கே முட்டையின் உச்சி மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைப்பார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல் காற்றாடி இல்லாத பெட்டியில் 37.5 வைத்து, இருபத்துமூன்றாம் நாள்வரை காத்திருந்து கண் கலங்கியவர்கள் ஏராளம். புதிதாகத் தொடங்குபவருக்குக் காற்றாடி இல்லாத பெட்டியை நான் சொல்லவே மாட்டேன்.

எகிப்தில் மின்சாரம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், மண் செங்கல்லால் கட்டிய அறைகளில் சாணத்தையும் வைக்கோலையும் எரித்து ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள். அந்த இமை நமக்கு இல்லாததால் எண் காட்டும் திரையை நம்புகிறோம். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு என் கதை ஒன்று.

நான் முதலில் வாங்கியது உள்ளூரில் செய்த ஒரு பெட்டி. நாற்பத்தெட்டு முட்டை, பதினாறாம் நாள். காலையில் மூடியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. திரையில் 43.6. பல்பை எரியவிட்டு அணைக்கும் ரிலேயின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. வெப்பக் கட்டுப்பாட்டு அட்டை ‘அணை’ என்று சொல்லியும் பல்பு அணையவில்லை. இரவு முழுவதும் வெந்திருக்கிறது. ஓர் உயிர்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு என் இயந்திரம் எதுவானாலும் இரண்டாவது காவல் ஒன்றை வைக்கிறேன்: முதல் கட்டுப்பாட்டுக்குத் தொடரிணைப்பில் இன்னொரு சிறிய கட்டுப்பாடு, 38.5இல் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி. முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது அறுத்துவிடும். தெரிந்த எலக்ட்ரீசியன் அரை மணி நேரத்தில் செய்து தருவார். வாங்கப் போகும் இயந்திரத்தில் இது ஏற்கெனவே இருக்கிறதா, குறைந்தபட்சம் சூடு கூடினால் ஒலிக்கும் மணியாவது இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் விடை தெரிந்துவிட்டது.

முட்டை குளிரைப் பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். அடைக்கோழியே தினமும் இறங்கி, இரை தின்று, எச்சமிட்டு, பதினைந்து இருபது நிமிடம் கழித்துத்தான் திரும்பும். ஒரு மணி நேரம் சூடு குறைந்தால் பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் பெருஞ்சேதம்.

திரையின் எண் சரியா என்று பார்க்க வீட்டிலேயே கருவி இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி. மருத்துவத்துக்கென்று செய்தது என்பதால், நமக்கு வேண்டிய அந்தச் சிறிய எல்லைக்குள் அது பத்தில் ஒரு டிகிரி அளவுக்குத் துல்லியமாகக் காட்டும். இயந்திரத்தை முட்டையில்லாமல் இரண்டு நாள் ஓடவிட்டு, சூடு நிலைத்த பிறகு தட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். பாதரச வகை என்றால் உதறிவிட்டு வைக்க வேண்டும். அது ஏறிய உச்சத்தில் நின்றுவிடும் என்பது இங்கே வசதிதான், எத்தனை வரை போய்வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். மூலைக்கும் நடுவுக்கும் அரை டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் காற்றாடி போதவில்லை. சென்சார் எங்கே தொங்குகிறது என்பதையும் பாருங்கள். அது முட்டை மட்டத்தில், சுவரையோ பல்பின் நேர் வெளிச்சத்தையோ தொடாமல் இருக்க வேண்டும். மூடியில் ஒட்டிய சென்சார் மூடியின் சூட்டைத்தான் சொல்லும்.

பல்பா, சூடேற்றும் கம்பியா? இரண்டும் வேலை செய்யும். பல்பு என்றால் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். ஒன்று நள்ளிரவில் போனால் மற்றது தாங்கும். பழைய இழை பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இழை பல்பு கிடைக்கவில்லை என்று எல்இடி பல்பை மாட்டிவிட்டு, ‘வெளிச்சம் நன்றாகவே வருகிறது, சூடுதான் ஏறவில்லை’ என்று என்னிடம் கேட்டார்.

கரூருக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சித்திரை வைகாசியில் அறையே 39, 40 என்று போனால் உள்ளே இருப்பதை எந்தக் கட்டுப்பாட்டாலும் இறக்க முடியாது. போதாததற்கு, இரண்டாவது வாரம் முடிந்தபின் கருவே சூட்டை வெளிவிடும். நிறைந்த தட்டில் இது சாதாரண அளவு அல்ல. ஆகவே ஓட்டுக் கூரையின் கீழ், வெயில் படாத உள்ளறையில், தரைக்கு அருகே வையுங்கள். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் வேண்டவே வேண்டாம். நான் மே மாதத்தில் இயந்திரத்துக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறேன். கோழியும் அப்போது முட்டையைக் குறைத்துவிடும். சேவலுக்கும் வெயிலில் ஆர்வம் குறைவு.

மின்சாரம். ஐம்பது முட்டை இயந்திரம் எரிந்து அணைந்து எரிவதால், சராசரியாக 40 வாட் என்று வைக்கலாம். இருபத்தொரு நாளுக்கு 20 யூனிட். கட்டணம் ஒரு பொருட்டே அல்ல, தடைதான் பிரச்சினை. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் இருந்தால், இயந்திரத்தின் பிளக்கை அந்தத் தடத்தில் போடுங்கள். மின்விசிறிகளை அளவோடு ஓட்டினால் ஓர் இரவைத் தாண்டும். 12 வோல்ட்டிலும் ஓடும் என்று சொல்லி விற்கும் வகைகள் நல்லவை, பேட்டரியை நேராக மாட்டலாம். ஆனால் கூடவே கொடுக்கும் 7 ஆம்பியர்-மணி சிறு பேட்டரியை நம்பி வெளியூர் போகாதீர்கள். கணக்குப்படி அதில் இருப்பதே 84 வாட்-மணி, நடைமுறையில் ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிது. பேட்டரியே இல்லாதவர் செய்யக்கூடியது: பெட்டிக்குள் ஓரமாக இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை எப்போதும் வைத்திருங்கள், அவை சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல விடும். மின்சாரம் போனதும் மூடியைத் திறக்காமல் போர்வையால் மூடுங்கள். காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாள் முன்கூட்டியே தெரியும். முட்டை வைக்கும் நாளை எண்ணிப் பார்த்து, அந்த நாள் கடைசி மூன்று நாளில் விழாதபடி தள்ளி வையுங்கள்.

திருப்புதலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? கொடுக்கலாம். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் இது மிக முக்கியம். கையால் செய்வது கடினமில்லை. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்பலாம். ஒற்றைப்படையில் திருப்பினால்தான் நீண்ட இரவு தினமும் ஒரே பக்கத்தில் கழியாது. (ஒற்றைப்படையில் முட்டை வைத்த பாட்டிகள் இங்கே சிரிக்கலாம்.) கடினமாக இருப்பது பதினெட்டு நாளும் தவறாமல் செய்வது. ஒரு கல்யாணம், ஒரு துக்கம் வந்தால் விட்டுப்போகும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடும் ஈரமும் வெளியேறும். தானாகத் திருப்பும் வகையில் இரண்டு உண்டு: உருளைகளின் மேல் முட்டை படுத்து உருள்வது, தட்டே இப்புறமும் அப்புறமும் 45 டிகிரி சாய்வது. சாயும் தட்டில் கூரிய முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும். நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் உருளை வகையில் இடைவெளியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சில முட்டைகள் உருளாமல் வழுக்கிக்கொண்டு கிடக்கும். மோட்டார் வேலை செய்கிறதா என்று தினமும் கண்ணால் பார்ப்பது நல்லது. அதன் பற்சக்கரம் பிளாஸ்டிக்தான். பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

ஈரப்பதத்தில் எல்லாரும் எண்களைத் துரத்துகிறார்கள். பதினெட்டு நாள்வரை 45 முதல் 55, கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் என்பது பொது விதி. ஆனால் தட்டில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பது உங்கள் ஊரின் காற்றைப் பொறுத்தது. வெளியே 28 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்றை 37.5க்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் தானாகவே ஏறக்குறைய 47க்கு இறங்கும். ஐப்பசி மழையில் கடலோரத்தில் இருப்பவருக்கு முதல் பதினெட்டு நாள் தண்ணீரே தேவைப்படாது. அதே கணக்கில், 34 டிகிரியும் 35 சதவீதமும் உள்ள கரூர்ப் பங்குனிக் காற்று உள்ளே 29 சதவீதமாகிவிடும். அங்கே தண்ணீர் வற்றவே விடக் கூடாது. கடலோரத்துக்காரர் சொன்ன கணக்கைக் கேட்டு நீங்கள் நடந்தால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் சாகும். ஈரத்தைக் கூட்ட வேண்டுமானால் பாத்திரத்தின் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை, பரப்பைக் கூட்ட வேண்டும்; தண்ணீரில் ஒரு துணித் துண்டைத் தொங்கவிட்டாலும் போதும்.

எண் காட்டும் மலிவான ஈரமானிகளை நான் நம்புவதில்லை. தராசை நம்புகிறேன். முட்டை நாள்தோறும் ஆவியாக எடையை இழக்கும். பதினெட்டாம் நாளுக்குள் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். வைக்கும்போது பத்து முட்டை சேர்த்து 420 கிராம் என்றால், பதினெட்டாம் நாள் 370 சுற்றி நிற்க வேண்டும். ஒன்பதாம் நாள் நிறுத்துப் பார்த்தால் பாதி வழியிலேயே தெரிந்துவிடும்: அதிகம் இறங்கியிருந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள், இறங்கவில்லை என்றால் குறையுங்கள். சமையலறைத் தராசு போதும்.

காற்றுத் துளையைப் பற்றி ஒரு வரி. ஈரத்தைப் பிடித்து வைக்கிறேன் என்று கடைசி நாட்களில் துளையை அடைத்துவிடுபவர்கள் உண்டு. அப்போதுதான் குஞ்சு அதிகமாக மூச்சு விடுகிறது. துளையைத் திறந்து வையுங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள்.

பெட்டியின் உடல் எதனால் ஆனது என்பது இரண்டாம்பட்சம். தெர்மாகோல் சூட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கழுவ முடியாது. நான்கைந்து ஈடு கழிந்ததும் வாடை ஏறிவிடும். பிளாஸ்டிக்கைக் கழுவலாம், சுவர் மெல்லியதாக இருந்தால் குளிர் ஊரில் மின்சாரத்தைக் குடிக்கும். கரூரில் அந்தக் கவலை இல்லை. கெட்டுப்போன பழைய குளிர்சாதனப் பெட்டியை இன்குபேட்டராக மாற்றியவர்கள் நிறைய; சுவர் தடிமனானது, கழுவவும் எளிது. எதுவானாலும் ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். பெரிய பொரிப்பகங்களில் செய்வதுபோல் ஃபார்மலினும் பெர்மாங்கனேட்டும் கலந்து புகை போட முயலாதீர்கள். அந்தப் புகை வீட்டுக்குள் வர வேண்டிய பொருள் அல்ல. உதிரிப்பாகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்பதே என் கடைசிக் கேள்வி. பன்னிரண்டாம் நாள் கட்டுப்பாட்டு அட்டை போனால், கூரியரில் வரும்வரை முட்டை காத்திருக்காது. நாற்பது கிலோமீட்டருக்குள் சரிசெய்து தருபவர் ஒருவர் இருந்தால், சற்று அழகு குறைந்தாலும் அவர் செய்த பெட்டியையே வாங்குவேன்.

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பொரிக்காமல் போவதில் பாதி, முட்டை பெட்டிக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிடுகிறது. பன்னிரண்டு கோழிக்கு இரண்டு சேவல் சரியான கணக்கு, ஆனால் இரண்டும் சண்டையிட்டுக்கொண்டே இருந்தால் கரு கூடுவது குறையும். ஒன்றைப் பிரித்து வைத்துப் பாருங்கள். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம்தான் கிருமிக்குத் தடுப்பு. எச்சம் படிந்ததைக் குழம்புக்கு அனுப்புங்கள். பைக்கில் வந்த முட்டையை அகன்ற முனை மேலாக ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுப் பிறகு வையுங்கள். கடையில் வாங்கிய வெள்ளை முட்டையை ஆசைக்கு வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் சேவலே கிடையாது. அதை எத்தனை நாள் வைத்தாலும் முட்டைதான். இன்னொன்று, உங்கள் பக்கத்தில் வயல் வரப்பில் மயில் முட்டை கிடைக்கும். அதை எடுத்து உள்ளே வைக்க மனம் துடிக்கும். வேண்டாம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலுக்கு மட்டுமல்ல, அதன் முட்டைக்கும் காவல்.

ஏழாம் நாள் இரவு, இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாமல் முட்டை தெளிவாகத் தெரிந்தால் கரு கூடவில்லை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால் முதல் சில நாட்களிலேயே செத்துவிட்டது. இவற்றை எடுத்துவிடுங்கள், உள்ளே அழுகி வெடித்தால் அறை முழுவதும் நாற்றம். தெளிவானவை அதிகம் என்றால் சேவலைப் பாருங்கள்; வளையங்கள் அதிகம் என்றால் சேமித்த விதத்தையும் சூட்டையும் பாருங்கள்.

பத்தொன்பதாம் நாளே பொரிக்கத் தொடங்கினால் சூடு கொஞ்சம் அதிகம், இருபத்திரண்டைத் தாண்டினால் குறைவு அல்லது முட்டை பழையது; அடுத்த ஈட்டில் கால் டிகிரி மாற்றுங்கள், ஒரேயடியாக ஒரு டிகிரி மாற்றாதீர்கள். ஓட்டில் முதல் கீறல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து உதவப் போகிறவர்களால் சாகும் குஞ்சுகள் நிறைய. நரம்பில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் போயிருக்காது. ஓட்டை உரித்தால் முடிந்தது. திறந்ததும் ஈரம் போய், மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து இறுகும். குஞ்சின் வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். எல்லாம் காய்ந்து பஞ்சான பிறகு எடுக்கலாம். அடியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், கால் வழுக்கி அகன்றுவிடும். சொரசொரப்பான சாக்குத் துணி நல்லது. முதல் ஈட்டில் வைத்ததில் பாதி வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். நூற்றுக்கு எழுபது வந்தால் நான் மகிழ்ச்சியாகத் தூங்கப் போவேன். தொண்ணூற்றைந்து என்று விளம்பரம் செய்பவர் எதை எண்ணினார் என்று கேளுங்கள். கூமுட்டையைக் கழித்துவிட்டு எண்ணியிருப்பார்.

குஞ்சு வந்த பிறகு இன்னொரு செலவு காத்திருக்கிறது, அதை யாரும் கடையில் சொல்வதில்லை. முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். பல்பு, உமி பரப்பிய பெட்டி, தீவனம், ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து. இதில் பெரும்பகுதியைத் தவிர்க்க ஒரு வழி, கோழி வளர்ப்பவர்கள் பலரும் செய்வது. இயந்திரத்தில் முட்டை வைக்கும் அதே நாளில், அடை உட்கார்ந்திருக்கும் ஒரு கோழிக்கும் ஐந்து முட்டை வையுங்கள். இருபத்தொன்றாம் நாள் இரவு, நல்ல இருட்டில், இயந்திரத்தின் குஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டை ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியில் தள்ளிவிடுங்கள். டார்ச் அடிக்காதீர்கள். விடிந்ததும் பக்கத்தில் நின்று கேளுங்கள். அடைக்கோழியின் அந்தக் கரகரப்புப் போய், குஞ்சை இரைக்குக் கூப்பிடும் குரல் வந்திருந்தால் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏதாவது ஒன்றைக் கொத்தினால் அதை மட்டும் உடனே எடுத்துப் பல்புப் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள்.